7. சேவ் பட்டன் இல்லாத இடத்தில் சேமிப்பது எப்படி?

டார்க்டேபிளில் முதல் படத்தைத் திருத்தி முடிப்பவர் அடுத்துத் தேடுவது சேவ் பட்டனை. மெனு முழுக்கத் தேடினாலும் அது கிடைக்காது. லைட்ரூம் கிளாசிக்கில் கன்ட்ரோல்-எஸ் வேலை செய்யும். ஆனால் அது செய்வது வேறு வேலை. மூடினால் எல்லாம் போய்விடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு படத்தையும் உடனே ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்து, மறுநாள் அந்த ஜேபெக்கையே திறந்து மேலும் திருத்துகிறவர்கள் நிறையப் பேர். அங்கேயே இந்த வகை மென்பொருளின் பயன் பாதி போய்விடுகிறது.

திருத்தம் எங்கே எழுதப்படுகிறது, அது தொலையாமல் இருக்க என்ன செய்யவேண்டும், எக்ஸ்போர்ட் எப்போது தேவை என்ற மூன்றையும் இந்த அத்தியாயம் சொல்லும். உதாரணங்கள் புதுச்சேரியை அடுத்த பாகூரில் ஒரு கேமராக்காரர் எடுக்கக்கூடிய படங்கள்: மூலநாதர் கோயில் கல்வெட்டு, ஏரிப் பறவை, கல்யாண ஆல்பம்.

மூன்று பொருள்கள்

மூலத்தைத் தொடாமல் திருத்தும் மென்பொருளில் ஒரு படம் என்பது ஒரு பொருள் அல்ல, மூன்று.

1. ஒரிஜினல். கேமரா எழுதிய ரா ஃபைல். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒன்று ஏறக்குறைய 25 முதல் 50 எம்பி வரை இருக்கும். மென்பொருள் இதைப் படிக்கும், இதில் எழுதாது.

2. திருத்தக் குறிப்பு. வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இடது ஓரத்தை இவ்வளவு வெட்டு, நிழலை இவ்வளவு தூக்கு என்று நீங்கள் செய்தவற்றின் வரிசை. பெரும்பாலும் சில கேபி மட்டுமே.

3. வெளியீடு. ஒரிஜினலில் குறிப்பைச் செலுத்திக் கிடைத்த ஜேபெக் அல்லது டிஃப். லேபுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போவது இது.

திரையில் நீங்கள் பார்ப்பது முதல் இரண்டையும் வைத்து அந்த நேரத்தில் கணக்கிட்டுக் காட்டும் படம். எனவே எது போனால் என்ன மிஞ்சும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளியீடு அழிந்தால் ஒரு நிமிடத்தில் மறுபடி எடுத்துவிடலாம். குறிப்பு அழிந்தால் படம் கேமராவிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். உங்கள் உழைப்பு போகும். ஒரிஜினல் அழிந்தால் குறிப்புக்கு வேலையே இல்லை. பலரும் பத்திரப்படுத்துவது மூன்றாவதை. பத்திரப்படுத்தவேண்டியவை முதல் இரண்டும்.

கல்லைத் தொடாத வாசிப்பு

பாகூர் மூலநாதர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கன்னரதேவன் என்று குறிக்கப்படும் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தவையும் உள்ளன. இந்த வட்டாரக் கல்வெட்டுகளைப் பாகூர் குப்புசாமி தொகுத்தார்; கோ. விசயவேணுகோபால் பதிப்பித்தார். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வெளியீடாக 2006-லும் 2010-லும் இரண்டு பகுதிகளாக அவை வந்தன.

கல்வெட்டு ஆய்வாளர்கள் மைப்படி எடுக்கும் முறையைப் பார்த்தவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் பாதி முன்பே தெரியும். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டிப் பள்ளங்களில் படியவைத்து, மேலே மை ஒற்றுவார்கள். மை தாளில் ஏறும், கல்லில் ஏறாது. வாசிப்பு தனித் தாளில் எழுதப்படும். பிற்பாடு ஒருவர் அந்த வாசிப்பை மறுத்தால் கல்லும் மைப்படியும் சோதித்துப் பார்க்க இருக்கும்.

பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் இதற்கு நேர்மாறான வழக்கம் இருந்தது. முகத்தின் தழும்பையும் சுருக்கத்தையும் நெகட்டிவின் மேலேயே கூர்மையான பென்சிலால் மறைப்பார்கள். அதற்குப் பிறகு அந்த நெகட்டிவிலிருந்து எத்தனை பிரிண்ட் போட்டாலும் பென்சில் கூடவே வரும். ஜேபெக்கைத் திறந்து, திருத்தி, அதே பெயரில் சேவ் செய்வதும் இந்த வேலைதான்.

கல்வெட்டுப் படத்தில் இது அழகு பற்றிய கேள்வி மட்டும் அல்ல. தேய்ந்த எழுத்தைத் தெளிவாக்க கான்ட்ராஸ்டையும் ஷார்ப்னஸையும் ஏற்றினால், கல்லில் உள்ள வெடிப்பு ஒரு காலாகவோ கொம்பாகவோ தெரியத் தொடங்கும். கல்லில் இல்லாத எழுத்தை ஸ்லைடர் எழுதிவிடும். திருத்தக் குறிப்பு இருந்தால், வாசிப்பவர் ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போய் அந்தக் கால் எந்தப் படியில் முளைத்தது என்று பார்க்கலாம். ஜேபெக் மட்டும் இருந்தால் உங்கள் வார்த்தையை நம்புவதைத் தவிர அவருக்கு வழியில்லை. ஆவணமாகப் பயன்படக்கூடிய எந்தப் படத்துக்கும் குறிப்பையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும் என்பது இதனால்தான்.

குறிப்பு எங்கே எழுதப்படுகிறது?

மென்பொருளுக்கு மென்பொருள் இது மாறும். உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டார்க்டேபிள் (இலவசம்): இரண்டு இடங்களில் எழுதும். ஒன்று, கணினிக்குள் அது வைத்திருக்கும் லைப்ரரி தரவுத்தளம். மற்றொன்று, படத்தின் பக்கத்திலேயே இருக்கும் துணைக் கோப்பு (சைட்கார்). 4512 என்ற எண்ணுள்ள கேனான் ரா படத்துக்கு ‘ஐஎம்ஜி_4512.சிஆர்3.எக்ஸ்எம்பி’ என்று முழுப் பெயரோடு அது உருவாகும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய், எக்ஸ்எம்பி எழுதும் விருப்பம் ‘ஒருபோதும் வேண்டாம்’ என்பதில் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். அடுத்த படத்துக்கு நகரும்போதோ, படங்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும் லைட்டேபிளுக்குத் திரும்பும்போதோ திருத்தம் எழுதப்படும். ஆகவே ஒரே படத்தில் நீண்ட நேரம் முகமூடி (மாஸ்க்) வரைந்துகொண்டிருந்தால், இடையிடையே அடுத்த படத்துக்குப் போய்த் திரும்புங்கள். யுபிஎஸ் இல்லாத கணினியில் கரண்ட் போனாலும் அதுவரை செய்தது தங்கும்.

லைட்ரூம் கிளாசிக் (சந்தா): ஸ்லைடரை நகர்த்தும்போதே கேட்டலாக் என்ற கோப்பில் எழுதிக்கொண்டே போகும். அதன் பின்னொட்டு எல்ஆர்கேட். படத்தின் பக்கத்தில் எக்ஸ்எம்பி எழுதும் வசதி, நாம் இயக்காவிட்டால் அணைந்தே இருக்கும். கேட்டலாக் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய் ‘மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பியில் எழுது’ என்பதை டிக் செய்யுங்கள். கன்ட்ரோல்-எஸ் செய்வதும் இதையே, தேர்ந்தெடுத்த படங்களுக்கு மட்டும். இங்கே துணைக் கோப்பின் பெயர் ‘ஐஎம்ஜி_4512.எக்ஸ்எம்பி’, நடுவில் சிஆர்3 வராது. இந்த வித்தியாசத்தால் இரண்டு மென்பொருளும் ஒரே ஃபோல்டரில் ஒன்றின் ரா குறிப்பை மற்றொன்று அழிக்காமல் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை: டிஎன்ஜி, ஜேபெக், டிஃப் கோப்புகளுக்கு லைட்ரூம் துணைக் கோப்பு எழுதாது, குறிப்பைக் கோப்புக்குள்ளேயே எழுதும். பிக்சல் மாறாது. ஆனால் கோப்பின் தேதி மாறும். பேக்கப் மென்பொருள் அதைப் புதிய கோப்பாக நினைத்து மறுபடி நகலெடுக்கும்.

ராதெரபி (இலவசம்): இதன் துணைக் கோப்பின் பின்னொட்டு பிபி3.

அடோபி 2001-ல் அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி 2012-ல் சர்வதேசத் தரமாகவும் ஆனது. அதனால் எல்லா மென்பொருளும் எல்லாக் குறிப்பையும் புரிந்துகொள்ளும் என்று நம்பிவிட வேண்டாம். நட்சத்திர மதிப்பு, குறிச்சொல், தலைப்பு போன்றவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். வெளிச்சம், நிறம், முகமூடி போன்றவை ஒவ்வொரு மென்பொருளின் சொந்தக் கணக்கு. பெரும்பாலும் அவை போகாது.

லைட்ரூமில் எக்ஸ்எம்பிக்குள் போகாதவையும் உண்டு: விர்ச்சுவல் காப்பிகள், கலெக்‌ஷன்கள், வரலாற்றுப் படிகள். இவை கேட்டலாக்கில் மட்டுமே வாழும். எக்ஸ்எம்பி இயக்கியிருந்தாலும் கேட்டலாக்கையும் காப்பாற்ற வேண்டும்.

ஃபோல்டரை எங்கிருந்து நகர்த்துவது?

திருத்தம் காணாமல் போனது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி உண்மையில் கோப்பு இடம் மாறியதுதான். மென்பொருளுக்குத் தெரியாமல் விண்டோஸ் எக்ஸ்புளோரரில் ஃபோல்டரின் பெயரை மாற்றினால், அது பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கும். லைட்ரூமில் படத்தின் மூலையில் ஆச்சரியக்குறி வரும்.

விதிகள் நான்கு.

• பெயர் மாற்றுவதும் நகர்த்துவதும் மென்பொருளுக்குள்ளிருந்தே நடக்கட்டும்.
• வெளியே நகர்த்தித்தான் ஆகவேண்டும் என்றால் ரா கோப்பையும் துணைக் கோப்பையும் ஒன்றாக நகர்த்துங்கள். பென்டிரைவில் ரா மட்டும் போனால் குறிப்பு வீட்டிலேயே தங்கிவிடும்.
• தொடர்பு அறுந்துவிட்டால் மறுபடி இம்போர்ட் செய்யாதீர்கள். ஒரே படம் இரண்டு தடவை பதிவாகும். லைட்ரூமில் காணாமற்போன ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து அதன் புது இடத்தைக் காட்டுங்கள். டார்க்டேபிளில் கலெக்‌ஷன்ஸ் பகுதியில் ஃபில்ம்ரோலை, அதாவது ஃபோல்டரை, ரைட் கிளிக் செய்தால் அதே வசதி இருக்கும்.
• நீக்கும்போது வரும் கேள்வியைப் படியுங்கள். ‘லைப்ரரியிலிருந்து நீக்கு’ என்றால் பதிவு மட்டும் போகும். ‘டிஸ்கிலிருந்து அழி’ என்றால் ஒரிஜினலே போகும்.

ஃபோல்டர் பெயர் தேதியில் தொடங்கட்டும்: ‘2025-01-19 பாகூர் ஏரி’ என்பதுபோல். வருடம், மாதம், நாள் என்ற வரிசை இருந்தால் கணினி தானாகவே காலவரிசைப்படி அடுக்கும்.

ஒரே படத்துக்கு இரண்டு முடிவு

“அண்ணே, தாலி கட்டுற போட்டோவ கறுப்பு வெள்ளையா போட்டுருக்கீங்க. அம்மா கலராதான் வேணும்னு சொல்றாங்க.” கல்யாண வேலை செய்பவர் யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார். குறிப்பு இருந்தால் இது பெரிய வேலை இல்லை: ஒரு பிரதி எடுத்து, அதில் கறுப்பு-வெள்ளைப் படியை மட்டும் அணைத்தால் போதும். வெளிச்சமும் வெட்டும் அப்படியே இருக்கும். ரா கோப்பு இரட்டிப்பாகாது. புதிதாகச் சேர்வது இன்னொரு குறிப்பு மட்டும்.

டார்க்டேபிளில் இது டூப்ளிகேட். துணைக் கோப்பின் பெயரில் ‘_01’ சேர்ந்து வரும். லைட்ரூமில் விர்ச்சுவல் காப்பி. அது கேட்டலாக்கில் மட்டும் இருப்பதால், முக்கியமான நிலைகளை ஸ்நாப்ஷாட்டாகவும் எடுத்து வையுங்கள். ஸ்நாப்ஷாட் எக்ஸ்எம்பியிலும் எழுதப்படும்.

கல்வெட்டுக்கு மூன்று பிரதிகள் வைப்பது நல்லது: திருத்தமே இல்லாத முதல் பிரதி; வெளிச்சமும் நிறமும் மட்டும் சரிசெய்த ஆவணப் பிரதி; எழுத்தை எடுத்துக்காட்டும்படி கான்ட்ராஸ்ட் ஏற்றிய வாசிப்புப் பிரதி. மூன்றாவதை யாருக்கு அனுப்பினாலும் இரண்டாவதும் கூடப் போகட்டும். ஏரியில் எடுத்த பறவைக்கும் இதுவே பொருந்தும். இனம் கண்டறிய இறுக்கி வெட்டியது ஒன்று, ஏரியின் சூழல் தெரிய முழுச் சட்டம் ஒன்று. இறகின் நிறத்தைக் கூட்டிய பிரதியை வைத்து இனம் கேட்டால் பதில் தவறாகத்தான் வரும்.

எக்ஸ்போர்ட் எப்போது?

படத்தை யாரிடமாவது கொடுக்கும்போது மட்டும். கொடுக்குமிடத்துக்கு ஏற்ப அளவு மாறும்.

லேபுக்கு: 12×36 அங்குல ஆல்பம் ஷீட்டில் ஒரு பக்கம் 12×18. 300 டிபிஐ கணக்கில் 3600×5400 பிக்சல். 24 மெகாபிக்சல் படம் 6000×4000 என்பதால் பெரிதாக்காமலே பக்கம் நிறையும். அதிகமாக வெட்டிய படம் நிறையாது. ஜேபெக் தரம் 90-க்கு மேல், நிறவெளி எஸ்ஆர்ஜிபி.

வாட்ஸ்அப்புக்கு: நீளப் பக்கம் 2048 பிக்சல் போதும். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தை மேலும் சுருக்கும், உள்ளே இருக்கும் மெட்டாடேட்டாவையும் நீக்கிவிடும். தரம் குறையக்கூடாது என்றால் ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்புங்கள்.

அந்த மெட்டாடேட்டாவுக்குள் ஒரு மீட்பு வழியும் இருக்கிறது. டார்க்டேபிள் எக்ஸ்போர்ட் செய்யும் ஜேபெக்கில், எக்ஸ்போர்ட் செட்டிங்கில் அணைக்காவிட்டால், திருத்த வரலாறும் பொதிந்திருக்கும். துணைக் கோப்பு தொலைந்துபோனால், லைட்டேபிளில் ரா படத்தைத் தேர்ந்தெடுத்து, ஹிஸ்டரி பகுதியில் ‘சைட்கார் கோப்பை ஏற்று’ என்பதை அழுத்தி அந்த ஜேபெக்கைக் காட்டுங்கள். திருத்தம் திரும்பும். வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாகப் போய் வந்த ஜேபெக்கில் இது நடக்காது.

எக்ஸ்போர்ட் கோப்புகளைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். ஒரிஜினலோடு கலந்தால், இடம் காலி செய்யும் நாளில் தவறானது அழியும்.

போட்டோஷாப், கிம்ப் போய் வந்தால்

பின்னணியில் நிற்கும் மின்கம்பத்தை நீக்குவது, இரண்டு படங்களின் முகங்களை ஒட்டுவது போன்றவை பிக்சல் வேலை. அதற்காக வெளியே அனுப்பும்போது 16 பிட் டிஃப் உருவாகும். 24 மெகாபிக்சலுக்குச் சுருக்காத நிலையில் அது சுமார் 144 எம்பி. அங்கே செய்த வேலை ரா படத்தின் குறிப்பில் சேராது. அந்த டிஃப் அல்லது பிஎஸ்டி தானே ஒரு புது ஒரிஜினல். லேயர்களை ஒட்டிவிடாமல் சேவ் செய்து, ரா கோப்பின் பக்கத்திலேயே வையுங்கள்.

கிம்ப்பில் சேவ் என்றால் எக்ஸ்சிஎஃப் மட்டும். ஜேபெக்குக்கு எக்ஸ்போர்ட் தனி. 2012-ல் வந்த 2.8 பதிப்பிலிருந்து இந்தப் பிரிவினை இருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர்களும் பிறகு மாற்றக்கூடியவையாக லேயரில் தங்குகின்றன; ஆனால் எக்ஸ்சிஎஃப்பாகச் சேவ் செய்தால்தான் அந்த வசதி மிஞ்சும்.

எனவே ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: ராவில் செய்யக்கூடியது அனைத்தையும் முதலில் முடியுங்கள். பிக்சல் வேலை கடைசி.

பேக்கப்: தண்ணீர் வரும் ஊருக்கு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரு நாள்களுக்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர் கொம்யூன் கிராமங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. கணினி மேசையில், பேக்கப் டிஸ்க் அதே அறையின் பீரோவில் என்ற ஏற்பாடு அப்படிப்பட்ட நாளில் ஒரே பிரதிக்குச் சமம்.

உலகெங்கும் சொல்லப்படும் விதி 3-2-1: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். பாகூரில் ‘வேறு இடம்’ என்பதை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடலூரில் உள்ள அக்கா வீடு தூரமாகத் தோன்றும். ஆனால் அதே தென்பெண்ணை அங்கேதான் கடலில் கலக்கிறது. புதுச்சேரி நகரிலோ வில்லியனூரிலோ ஒரு மாடி வீடு அதைவிட நல்லது.

இணைய வேகம் குறைவாக இருந்தாலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1,000 படங்களின் ரா கோப்புகள் 25 முதல் 50 ஜிபி வரை ஆகும். அவற்றின் துணைக் கோப்புகள், ஒன்றுக்கு 10 கேபி என்று வைத்தாலும், மொத்தம் 10 எம்பி. ரா கோப்புகள் எடிட் செய்தாலும் மாறாதவை என்பதால் வேறிடத்து டிஸ்கில் ஒரு தடவை ஏற்றினால் போதும். தினமும் மாறுவது குறிப்பு மட்டும். அதை ஒவ்வொரு இரவும் போன் டேட்டாவிலேயே கிளவுடுக்கு அனுப்பிவிடலாம்.

லைட்ரூம் மூடும்போது பேக்கப் எடுக்கட்டுமா என்று கேட்கும். அது எடுப்பது கேட்டலாக்கை மட்டும், படங்களை அல்ல. அந்தக் கேட்டலாக் பேக்கப்பையும் வேறு டிஸ்குக்கு மாற்றி வையுங்கள்.

மென்பொருள் நின்றுபோனால்

ஆப்பிளின் அப்பர்ச்சர் 2005-ல் வந்தது. 2014-ல் அதை நிறுத்தப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. 2019-ல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவில் அது இயங்கவே இல்லை. கூகுள் பிகாசாவை 2016-ல் நிறுத்தியது. நம் ஊர் ஸ்டூடியோக்களின் பழைய டிஸ்குகளில் ‘.பிகாசாஒரிஜினல்ஸ்’ என்ற மறைந்த ஃபோல்டர் இன்னும் இருக்கலாம். பிகாசாவில் சேவ் செய்த படங்களின் தொடப்படாத மூலம் அதற்குள்தான் கிடக்கும். தேவையில்லாத ஃபோல்டர் என்று அழித்துவிடாதீர்கள்.

லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்த பிறகும் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். டெவலப், மேப் பகுதிகள் பூட்டப்படும். ஆகவே முக்கியமான படங்களுக்கு, அதாவது எல்லாவற்றுக்கும் அல்ல, நூற்றில் ஐந்துக்கு, முழு அளவு டிஃப் அல்லது உயர்தர ஜேபெக் ஒன்றை எடுத்துத் தனியாக வையுங்கள். குறிப்பைப் படிக்கும் மென்பொருள் இல்லாத காலத்திலும் நீங்கள் விரும்பிய தோற்றம் அதில் இருக்கும்.

போனில் திருத்துபவர்களுக்கு

ஐபோனின் போட்டோஸ் செயலி மூலத்தை வைத்துக்கொண்டே திருத்தும்; பழைய நிலைக்குத் திரும்பும் வசதி உண்டு. கேபிளில் கணினிக்கு ஏற்றும்போது ஏஏஇ என்ற பின்னொட்டுடன் வரும் சிறு கோப்புகள் அதன் குறிப்புகள். வேறு செயலிகளில் ‘சேவ்’, ‘நகலாகச் சேவ்’ என்று இரண்டு இருந்தால், சந்தேகம் இருக்கும்வரை நகலையே தேர்ந்தெடுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரு ரா படத்தை டார்க்டேபிளில் நன்றாகத் தெரியும்படி திருத்துங்கள். கறுப்பு-வெள்ளை ஆக்கினால் போதும். லைட்டேபிளுக்குத் திரும்புங்கள்.
2. எக்ஸ்புளோரரில் அந்த ஃபோல்டரைத் திறந்து, எக்ஸ்எம்பி கோப்பு இருக்கிறதா, அதன் நேரம் இப்போதையதா என்று பாருங்கள். நோட்பேடில் திறந்து பார்க்கலாம். எதையும் மாற்றாமல் மூடுங்கள்.
3. ராவையும் எக்ஸ்எம்பியையும் பென்டிரைவில் எடுத்து, அதே பதிப்போ புதிய பதிப்போ உள்ள வேறு கணினியில் இம்போர்ட் செய்யுங்கள். படம் கறுப்பு-வெள்ளையாகத் திறக்க வேண்டும்.
4. ராவை மட்டும் வேறு ஃபோல்டரில் நகலெடுத்து இம்போர்ட் செய்யுங்கள். இப்போது கலராகத் திறக்கும்.

மூன்றாவது படியில் கலராகத் திறந்தால் உங்கள் கணினியில் எக்ஸ்எம்பி எழுதும் விருப்பம் அணைந்திருக்கிறது. அதை இயக்கி, ஏற்கெனவே திருத்திய எல்லாப் படங்களையும் லைட்டேபிளில் தேர்ந்தெடுத்து, ஹிஸ்டரி பகுதியில் ‘சைட்கார் கோப்புகளை எழுது’ என்பதை ஒருமுறை அழுத்துங்கள். அதன் பிறகு அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.